இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பிளவு

மலையடிவாரப் பேராக்: வரலாற்றுத் தொடர் – பகுதி 17

தாப்பா இரண்டு நிலங்களின் எல்லையில் இருக்கும் ஊர். மேற்கே தாப்பா ரோடு ரயில் நிலையம் வரைக்கும், அதையும் தாண்டி தெலுக் இந்தான் பக்கம் வரைக்கும் தட்டை நிலம். பால்மரத் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் எழுந்த பூமி. கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் சாலை சில மைல்களிலேயே வளைந்து வளைந்து காட்டுக்குள் புகுந்துவிடும். அங்கிருந்து மலைத்தொடரின் மறுபக்கம் வரைக்கும் பூர்வகுடிகளான செமாய், தெமியார் மக்களின் நாடு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்ததையும், தட்டை நிலத்துத் தோட்ட லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டதையும், சீனக் குடியேறிகள் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டதையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். இந்தப் பகுதி மலைப்பக்கத்தைப் பற்றியது. 1950களின் நடுவில் அரசு அந்த மலைக்காட்டுக்குள் நிலைகொண்டதற்கு வரலாற்று நூல்கள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளரின் நிர்வாகத்தையும் சிறப்புப் படைகளின் நடமாட்டத்தையும் பூர்வகுடித் துறையின் புதிய கொள்கையையும் காரணம் சொல்கின்றன. அவை எல்லாம் உண்மையே. ஆனால் ஒரு சிறிய விமானத்தின் இறக்கை அமைப்பை அவை காரணங்களின் வரிசையில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பதே இந்தப் பகுதியின் வாதம்.

முதலில் சிக்கலைப் புரிந்துகொள்வோம். 1949, 1950 ஆண்டுகளில் அரசு காட்டு மக்களையும் சமவெளி மக்களைப் போலவே நடத்தியது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு உணவும் தகவலும் கிடைக்காமல் செய்ய, பூர்வகுடி மக்களைக் காட்டிலிருந்து இறக்கி முள்வேலி முகாம்களில் வைத்தது. விளைவு கொடுமையானது. மலைக்காற்றில் வாழ்ந்தவர்கள் சமவெளி வெப்பத்திலும் நெரிசலிலும் நோயில் விழுந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், தப்பியவர்கள் காட்டுக்குத் திரும்பி, அரசைவிடக் கொரில்லாக்களே மேல் என்று நினைத்தார்கள். அன்று பூர்வகுடி மக்களுக்கான ஆலோசகராக வந்த பீட்டர் வில்லியம்ஸ்-ஹண்ட், போர்க்காலத்தில் வான்வழி நிழற்படங்களை ஆராயும் பணியில் இருந்தவர். செமாய் பெண்ணை மணந்தவர். 1952இல் இம்மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1953இல் காட்டில் விழுந்து பட்ட காயத்தால் இறந்தார். அவர் காலத்திலும் அவருக்குப் பின் வந்த ரிச்சர்ட் நூன் காலத்திலும் கொள்கை தலைகீழாக மாறியது. மக்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதற்குப் பதில், காவல்துறையும் மருந்தும் கடையும் காட்டுக்குள் அவர்களிடம் போகும். அப்படி எழுந்தவைதான் காட்டுக் கோட்டைகள். பேராக்கில் லெகாப், கெமார், மலைத்தொடரின் அந்தப் பக்கம் கிளந்தானில் புரூக், பகாங்கில் தெலானோக். கோட்டை என்று பெயர்தான். மூங்கிலும் மரமும் அத்தாப்பும் கொண்ட காவல் நிலையங்கள் அவை.

இந்தக் கொள்கைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. காட்டுக்குள் இருக்கும் ஒரு நிலையத்துக்குப் பொருளும் ஆளும் போய்ச் சேர வேண்டும், திரும்பியும் வர வேண்டும். கால்நடையாகப் போனால் நாட்கணக்கு. வழியில் பதுங்கித் தாக்குதல். பாராசூட் மூலம் அரிசியும் தோட்டாவும் போடலாம். டகோட்டா, வாலெட்டா விமானங்கள் அதைத் திறமையாகச் செய்தன. ஆனால் பாராசூட் ஒருவழிப் பாதை. காய்ச்சலில் கிடக்கும் காவலரையோ, பிரசவச் சிக்கலில் இருக்கும் செமாய் பெண்ணையோ, சரணடைந்து தகவல் சொல்லத் தயாராக இருக்கும் கொரில்லாவையோ பாராசூட் வெளியே கொண்டுவராது. இரண்டு வழியும் திறக்க வேண்டுமென்றால் அங்கே ஏதாவது ஒன்று இறங்க வேண்டும். சமவெளித் தோட்டத்தில் இது பெரிய பிரச்சினையே இல்லை; சில வரிசைப் பால்மரங்களை வெட்டித் தள்ளினால் ஓடுபாதை தயார், ஆஸ்டர் போன்ற இலகு விமானம் சுலபமாக இறங்கும். ஆனால் மலைக்காட்டின் ஆற்றுவளைவில், இருபுறமும் மலை நெருக்கும் இடத்தில், கையால் காடு வெட்டி மண்ணைச் சமன் செய்து கிடைக்கும் நிலம் இருநூறு கெஜத்தைத் தாண்டுவதே அரிது. அந்த அளவு நிலத்தில் நான்கு பேரையும் மூட்டைகளையும் சுமந்த விமானம் இறங்கி நிற்க முடியுமா என்ற கேள்வியில்தான் கொள்கையின் உயிர் தொங்கியது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சிறிது இயற்பியல் வேண்டும். விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை நான்கைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, இறக்கையின் வடிவமும் சாய்வும் சேர்ந்து தரும் தூக்குவிசைக் கெழு. விமானி வேகத்தைக் குறைத்தால், அதே எடையைத் தாங்க மூக்கைச் சற்று உயர்த்தி இறக்கையின் சாய்வைக் கூட்ட வேண்டும். கெழு உயரும், கணக்குச் சரியாகிவிடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கையில் சாய்வு ஏறத்தாழ 15 பாகையை எட்டும்போது, மேற்புறத்தில் ஒட்டி ஓடிய காற்று அதை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்குகிறது. காரணம் இதுதான்: இறக்கையின் மேற்புறத்தில், முன்விளிம்பை ஒட்டிய இடத்தில் அழுத்தம் மிகக் குறைவு, பின்விளிம்பு நோக்கிப் போகப் போக அழுத்தம் ஏறுகிறது. மிதிக்காமல் வந்த வேகத்திலேயே மேட்டில் ஏறும் சைக்கிளைப் போல, இறக்கைப் பரப்பை உரசி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் தன் வேகத்தைச் செலவழித்தே அந்த அழுத்த மேட்டில் ஏறுகிறது. சாய்வு கூடக் கூட மேடு செங்குத்தாகிறது. ஒரு கட்டத்தில் படலத்தின் வேகம் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. காற்று பிரிகிறது, தூக்குவிசை சரிகிறது, இழுவை கூடுகிறது. இதைத்தான் விமானிகள் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். எஞ்சின் முழுவீச்சில் ஓடும்போதும் இறக்கை ஸ்டால் ஆகும். 1896 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் எஞ்சினே இல்லாத தன் சறுக்கு விமானத்தில் இப்படித்தான் விழுந்து மறுநாள் இறந்தார்.

ஆகவே மெதுவாக இறங்க விரும்புகிறவனுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அதே சாய்விலேயே கெழுவை உயர்த்துவது. இறக்கையின் பின்விளிம்பில் ஒரு பகுதியைக் கீழே மடித்தால் இறக்கையின் வளைவு கூடும், தூக்குவிசையும் கூடும். இதுவே ஃபிளாப். முதல் உலகப் போரின்போதே பிரிட்டனின் ஃபேரி நிறுவனம் ஹாம்பிள் பேபி என்ற கடல் விமானத்தில் இத்தகைய ஏற்பாட்டைப் பொருத்தியிருந்தது. 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஹார்லன் ஃபௌலர் ஒரு படி மேலே போனார். அவருடைய ஃபிளாப் வெறுமனே மடங்குவதில்லை. பின்னோக்கிச் சறுக்கி வெளியே வந்து இறக்கையின் பரப்பையே பெரிதாக்கிக்கொண்டு பிறகு கீழே சாய்கிறது. வளைவும் கூடுகிறது, பரப்பும் கூடுகிறது. 1937இல் பறந்த லாக்ஹீட் 14 பயணிகள் விமானம் இதைப் பயன்படுத்தியது. அதன் போர்க்கால வழித்தோன்றலான ஹட்சன் விமானங்கள்தாம் 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் தரையிறங்கிய ஜப்பானியப் படையின் அவாஜிசான் மாரு கப்பலைத் தாக்கியவை. ஃபௌலர் ஃபிளாப் கோட்டைகளுக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மலாயா வானத்தில் இருந்திருக்கிறது. ஆனால் ஃபிளாப்புக்கு ஒரு குறை உண்டு. அது இறக்கை ஸ்டால் ஆகும் சாய்வை உயர்த்துவதில்லை. உண்மையில் சற்றுக் குறைக்கிறது. கூடுதல் தூக்குவிசையைத் தருகிறது, ஆனால் பாதுகாப்பு விளிம்பை அகலமாக்குவதில்லை.

இரண்டாவது வழி, ஸ்டாலையே தள்ளிப்போடுவது. இது பிறந்த கதை நின்று சொல்லத் தக்கது. 1917இல் குஸ்டாவ் லாக்மன் என்ற இளம் ஜெர்மானியர் விமானம் ஓட்டப் பழகும்போது, விமானம் ஸ்டாலாகி விழுந்து படுகாயமடைந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, ஏன் விழுந்தோம் என்று யோசித்தார். ஓர் இறக்கையைப் பல சிறு இறக்கைகளாகப் பிளந்து, இடையே சந்து விட்டால் காற்று அவ்வளவு சீக்கிரம் பிரியாது என்று அவருக்குத் தோன்றியது. 1918 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிளவு விட்டால் கீழ்ப்புறத்து அழுத்தம் மேலே கசிந்து தூக்குவிசை அழிந்துவிடும் என்று அலுவலகம் நிராகரித்தது. அன்றைய அறிவுக்கு அது நியாயமான மறுப்பே. எனக்கும் அதில் குற்றம் காணத் தோன்றவில்லை. இதற்கிடையே லண்டனில் ஃபிரெடரிக் ஹாண்ட்லி பேஜ், லாக்மனை அறியாமலே, முன்விளிம்பில் பிளவு விட்ட இறக்கையைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 1919இல் காப்புரிமை வாங்கி, 1920இல் பறக்கும் விமானத்திலேயே செய்து காட்டினார். செய்தி கேட்ட லாக்மன், கோட்டிங்கனில் இருந்த காற்றியக்க அறிஞர் பிராண்டிலிடம் தம் இறக்கையைச் சோதிக்கக் கேட்டார். தூக்குவிசை 63 விழுக்காடு கூடியது என்று சோதனை சொன்னது. காப்புரிமை கிடைத்தது. இருவரும் வழக்காடாமல் கைகோத்தார்கள். 1929இல் லாக்மன் ஹாண்ட்லி பேஜ் நிறுவனத்திலேயே சேர்ந்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் குகன்ஹைம் அறக்கட்டளை நடத்திய பாதுகாப்பான விமானப் போட்டியில் கடைசிவரை மோதிய கர்ட்டிஸ் டானஜர், ஹாண்ட்லி பேஜ் கக்நங்க் ஆகிய இரண்டு விமானங்களும் முன்விளிம்புப் பிளவையும் பின்விளிம்பு ஃபிளாப்பையும் சேர்த்தே வைத்திருந்தன. மெதுவாகப் பறக்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

பிளவு எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பல பாடநூல்கள் இன்றும் ஒரே விளக்கத்தைத் தருகின்றன: கீழிருந்து வேகமான காற்று பிளவு வழியாகப் பாய்ந்து, மேற்புறத்தில் களைத்துப்போன படலத்துக்கு உந்துதல் கொடுக்கிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குக்கு ஒத்துவரவில்லை. பிளவில் வரும் காற்றுக்குத் தனியான ஆற்றல் எதுவும் கிடையாது. சுற்றியுள்ள காற்றின் அதே மொத்த அழுத்தம்தான் அதற்கும். அமெரிக்கக் காற்றியக்க அறிஞர் ஏ.எம்.ஓ. ஸ்மித் 1970களின் நடுவில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதை விரிவாக அலசினார். பிளவுக்கு முன்னால் நிற்கும் குறுகிய பட்டையான முன்பட்டையும் ஒரு சிறு இறக்கை. அதைச் சுற்றிலும் காற்றோட்டச் சுழற்சி உண்டு. அந்தச் சுழற்சி, பின்னால் இருக்கும் பெரிய இறக்கையின் முன்விளிம்பில் காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே அங்கே அழுத்தம் முன்போல் அடிமட்டத்துக்கு விழுவதில்லை. படலம் ஏற வேண்டிய மேடும் தணிந்துவிடுகிறது. படலத்துக்கு உந்துதல் கொடுக்கப்படவில்லை, அது ஏற வேண்டிய உயரமே குறைக்கப்பட்டது. முன்பட்டையில் தொடங்கிய பழைய படலம் அதனுடனேயே முடிந்து, பெரிய இறக்கையில் புதிய மெல்லிய படலம் ஒன்று தொடங்குகிறது. இதன் பலனாக 15 பாகையில் ஸ்டாலாக வேண்டிய இறக்கை 20 பாகைக்கு மேலும் தாங்குகிறது. இதனால் பழைய பொறியாளர்கள் தவறு செய்தார்கள் என்று ஆகாது. அவர்கள் சோதனையில் கண்டது சரி. கண்டதற்குச் சொன்ன காரணம்தான் குறையுள்ளது. காரணம் முழுதாகத் தெரியும் முன்பே கருவி வேலை செய்யத் தொடங்கிவிடுவது பொறியியல் வரலாற்றில் அடிக்கடி நடப்பது.

இப்போது மலாயாவுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் இருந்த ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனம் பயனியர் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தை உருவாக்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் மக்கின்டயர், 1933 ஏப்ரலில் பீகாரின் பூர்ணியாவிலிருந்து புறப்பட்டு எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதன்முதலில் பறந்த இரு விமானங்களில் ஒன்றை ஓட்டியவர். பயனியரின் இறக்கை முன்விளிம்பு முழுவதும் நகரும் முன்பட்டை. பின்விளிம்பில் பெரிய ஃபௌலர் ஃபிளாப். விமானியைத் தவிர நான்கு பேர். புறப்பட 75 கெஜம், இறங்கி நிற்க 66 கெஜம், மணிக்கு 36 மைல் வேகத்திலும் கட்டுக்குள் இருக்கும் என்று நிறுவனம் சொன்னது. 1954இல் கோலாலம்பூரில் மீண்டும் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 267ஆம் பிரிவு இதைக் கொண்டு கோட்டைகளுக்குப் பறக்கத் தொடங்கியது. 1958 நவம்பரில் அந்தப் பிரிவுக்கு 209 என்று எண் மாறியது. மலைத்தொடரின் இரு பக்கமும் வெட்டப்பட்ட துண்டுப் பாதைகளில் அரிசி மூட்டை, வானொலி மின்கலம், மருந்துப் பெட்டி, ஆள்மாற்றக் காவலர், நோயாளி என்று வாரம் தவறாமல் போய்வந்தது இதுவே.

இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பயனியரின் முழு எடை 5,800 பவுண்டு, இறக்கைப் பரப்பு 390 சதுர அடி. ஒவ்வொரு சதுர அடியும் ஏறத்தாழ 15 பவுண்டு தாங்க வேண்டும். எந்த ஏற்பாடும் இல்லாத இறக்கை ஸ்டாலுக்கு முன் எட்டும் கெழு ஏறத்தாழ 1.4, அப்படியானால் இந்த விமானம் கடல் மட்டத்தில் மணிக்கு 64 மைலுக்குக் கீழே பறக்க முடியாது. முன்பட்டையும் ஃபௌலர் ஃபிளாப்பும் சேர்ந்தால் கெழு 3 வரை போகும் என்று கொள்ளலாம்; ஸ்டால் வேகம் 44 மைலாக இறங்கிவிடும். வேகத்தின் வர்க்கமே தரையில் அடக்க வேண்டிய ஆற்றல் என்பதால், அது பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. பிரேக் அடிக்கத் தேவைப்படும் நிலமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சுருங்கும். இங்கே மலாயாவின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்துக்கு 600 மீட்டர் மேலே, 28 பாகை வெப்பத்தில், காற்றின் அடர்த்தி திட்ட அளவைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைகிறது. அதே விகிதத்தில் தரையோட்டம் நீளும், எஞ்சினும் மூச்சு வாங்கும். சமவெளித் தோட்டத்து ஓடுபாதையில் இந்தப் பத்து விழுக்காட்டை யாரும் கவனிக்கப்போவதில்லை. கோட்டைப் பாதையில் அதுதான் ஆற்றங்கரைக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம்.

இந்த இடத்தில் எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பயனியரின் வெற்றிக்கு இறக்கை காரணமல்ல, எஞ்சினே காரணம் என்பது அது. சான்றும் உண்டு. 1947இல் பறந்த முதல் மாதிரியில் 240 குதிரைத்திறன் ஜிப்சி குயீன் எஞ்சின். ஆற்றல் போதாமல் அதை யாரும் வாங்கவில்லை. 1950இல் 520 குதிரைத்திறன் ஆல்விஸ் லியோனைடிஸ் எஞ்சினைப் பொருத்திய பிறகே அது விற்றது. என் கணக்கும் இந்த மறுப்புக்கு ஓரளவு துணை போகிறது: நிறுவனம் சொன்ன 36 மைல் வேகத்துக்குக் கெழு 4.5 வேண்டும், அது இறக்கையால் மட்டும் வராது. சுழலியிலிருந்து இறக்கைமேல் பாயும் காற்றும் மூக்கு உயர்ந்த நிலையில் எஞ்சினின் இழுப்பும் சேர்ந்தால்தான் வரும். மேலும், ஃபிளாப்பை முழுதாக இறக்கி மிக மெதுவாகப் பறக்கும்போது இழுவை அவ்வளவு பெரிதாக இருக்கும். வேகம் குறையக் குறைய அதிக எஞ்சின் ஆற்றல் தேவைப்படும் தலைகீழ் நிலை அது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மறுப்பு பாதி வழியில்தான் நிற்கிறது. புறப்படும்போது எஞ்சின் பேசலாம். இறங்கி நிற்கும்போது இறக்கைதான் பேச வேண்டும். 520 குதிரைத்திறனைச் சாதாரண இறக்கையில் பொருத்தியிருந்தால், அந்த விமானம் கோட்டையிலிருந்து கிளம்பியிருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், முதலில் அங்கே வந்து இறங்கியிருக்காது. எஞ்சின் அந்த இறக்கையைப் பயன்படுத்த விட்டது. அந்த இறக்கை இல்லாமல் எஞ்சினுக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டாவது மறுப்பு ஹெலிகாப்டர். 1950இலேயே காயமுற்றவர்களை எடுக்க மூன்று டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன. 1953 ஜனவரியில் கடற்படையின் 848ஆம் பிரிவு பெரிய எஸ்-55 ஹெலிகாப்டர்களோடு வந்து சேர்ந்தது. ஓடுபாதையே வேண்டாத இயந்திரம் இருக்கும்போது பிளவு என்ன, ஃபிளாப் என்ன? ஆனால் அந்தக் காலத்து ஹெலிகாப்டர் எதைச் செய்ய முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காகிதத்தில் பத்துப் பேர் ஏற்றும் எஸ்-55, இந்த வெப்பத்தில் அதில் பாதிப் பேரோடுதான் எழுந்தது. பராமரிப்பு வேலை மிகுதி, எண்ணிக்கை குறைவு, செலவு அதிகம். படையினரைத் திடீரென்று ஒரு மலைமுகட்டில் இறக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஆண்டுக்கணக்காக, வாரந்தோறும், கோட்டைக்குக் கோட்டை அரிசி சுமக்க அதை ஒதுக்கினால் போருக்கு ஹெலிகாப்டர் மிஞ்சாது. பயனியர் வழக்கமான சுமையைத் தாங்கியதால்தான் ஹெலிகாப்டர் அவசர வேலைக்குக் கிடைத்தது. 656ஆம் பிரிவின் ஆஸ்டர்களும் இதே வானத்தில் பறந்தன. 1955இல் வந்த ஆஸ்டர் 9 வகையில் பெரிய ஃபிளாப் இருந்தது. ஆனால் அது தூக்கியது ஓரிருவரை. நான்கு பேரையும் அவர்களுடைய மூட்டைகளையும் அதே துண்டு நிலத்தில் இறக்கக்கூடியது அன்று மலாயாவில் பயனியர்தான்.

காலக்கணக்கை வைத்தும் மறுக்கலாம். கோட்டைக் கொள்கை 1952, 1953இலேயே தொடங்கிவிட்டது. பயனியர் பிரிவு அமைந்தது 1954இல். விளைவுக்குப் பின் வந்தது காரணமாக முடியுமா? முடியாது, ஆகவே பயனியர் அந்தக் கொள்கையைப் பிறப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். நடைப்பயணமும் பாராசூட்டும் ஹெலிகாப்டரும் சேர்ந்து முதல் கோட்டைகளை நிறுவின. ஆனால் ஒரு கோட்டையை நிறுவுவது வேறு, அதைப் பல ஆண்டுகள் நடத்துவது வேறு. முகாம் கொள்கை தோற்றதற்குக் காரணம் அதன் எண்ணம் மட்டுமல்ல, அது மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து பிரித்ததும்தான். கோட்டைகள் நீடிக்காமல் ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்பட்டிருந்தால், காட்டில் அரசுக்கு மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே கருவி மறுபடியும் முகாம்தான். நீடித்ததற்கு இருவழிப் போக்குவரத்து காரணம். அதைக் குறைந்த செலவில் சாத்தியமாக்கியதில் பெரும்பங்கு அந்த இறக்கைக்கு. என் வாதம் இவ்வளவுதான்; இதற்கு மேல் அதை நீட்ட எனக்கு விருப்பமில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாலைத் தள்ளிப்போடும் இறக்கை இருந்தும் பயனியர்கள் விழுந்தன. மலாயாவில் உயிர்களும் போயின. இது வாதத்தைப் பொய்யாக்குகிறதா? ஸ்டால் வேகம் ஒரு நிலையான எண் அல்ல. விமானம் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டும். ஸ்டால் வேகம் 41 விழுக்காடு ஏறிவிடும். நேராகப் பறக்கும்போது 44 மைலில் தாங்கிய இறக்கை, குறுகிய பள்ளத்தாக்கில் சடாரென்று திருப்பினால் 62 மைலிலேயே கைவிடும். ஒரு முனையில் மலை நிற்கும் பாதையில் இறங்கத் தொடங்கிவிட்டால், பாதியில் மனம் மாறி மேலே ஏறுவதற்கு இடமில்லை. ஃபிளாப்பை அவசரத்தில் சுருக்கினாலோ, தாங்கிய தூக்குவிசை ஒரேயடியாகப் போய்விடும். அகன்ற பாதுகாப்பு விளிம்பைக் கொடுத்தால் மனிதர்கள் அதைக் கொண்டு இன்னும் குறுகிய இடத்துக்குள் போவார்கள். பள்ளத்தாக்குகளில் நடந்தது அது. மக்கின்டயரே 1957 டிசம்பரில் லிபியாவில், பயனியரின் இரட்டை எஞ்சின் வாரிசான ட்வின் பயனியரில் இறந்தார். அங்கே இறக்கை ஸ்டாலாகவில்லை. இறக்கையைத் தாங்கிய கம்பம் உலோகக் களைப்பால் முறிந்தது.

இந்தக் கோட்டைகள் அறச்சாலைகள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஓர் ஏகாதிபத்திய அரசு தன் போரை வெல்லக் கட்டியவை அவை. அரிசியும் உப்பும் துணியும் செமாய், தெமியார் மக்களின் ஆதரவை வாங்கும் விலையாகவே வந்தன. ஆனால் எந்த நோக்கத்தோடு திறந்தாலும், திறந்த பாதை வழியாக வேறு சிலவும் வரும். அடுத்த சில ஆண்டுகளில் கோம்பாக்கில் பூர்வகுடி மக்களுக்கென்றே மருத்துவமனை எழுந்தது. காட்டிலிருந்து நோயாளிகளை வான்வழியாக அங்கே கொண்டுசெல்லும் வழக்கம் நிலைபெற்றது. சமவெளித் தோட்டத்து முள்வேலிக்குள் அதே ஆண்டுகளில் வாழ்ந்த நம் மக்களுக்கு அரசு தன் வாசலைத் திறந்தது எப்படி, எந்த விலைக்கு என்று முந்தைய பகுதியில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கத்தான் வேண்டும். விடை இரண்டு இடத்திலும் ஒன்றல்ல.

1958 ஜூனில் மலாயாவுக்கென்று சொந்த விமானப்படை பிறந்தபோது அதன் முதல் விமானமாக வந்தது ஒரு ட்வின் பயனியர். 'லாங் ராஜாவாலி' என்று பெயரிட்டார்கள். அதன் முன்விளிம்பிலும் அதே முழுநீளப் பட்டை, பின்னால் அதே ஃபௌலர் ஃபிளாப். சுமந்தது பதினாறு பேர். இலங்கை விமானப்படையும் சில ஒற்றைப் பயனியர்களை வாங்கியது. 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. 1968இல் மலேசிய விமானப்படைக்கு நூரி ஹெலிகாப்டர்கள் வரத் தொடங்கியதும் காட்டு ஓடுபாதைகளின் தேவை குறைந்து, பலவற்றை லாலாங் புல் மூடியது. கோட்டைகள் மட்டும் பெயர் மாறி நின்றன: லெகாப், புரூக், தெலானோக் மூன்றும் இன்று போஸ் என்ற முன்னொட்டோடு வரைபடத்தில் இருக்கின்றன, கெமாரைச் சுற்றி பூர்வகுடி மக்களின் மறுகுடியேற்றத் திட்டமே எழுந்தது. அந்தத் திட்டங்கள் 1970களில் எப்படி நடந்தன, தாப்பா சாலையோரச் செமாய் கிராமங்கள் அவற்றில் சேர்ந்தனவா, விலகினவா என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.